விலை கொடுத்த வார்த்தை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருக்கிறவர்கள் முடித்துவிட்டு இரவில் நிதானமாக வாசியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவன், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "டீச்சர், மூத்தவன் பத்தாவது படிக்கான். என்ன சொன்னாலும் 'உங்க காலம் வேறப்பா'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருதான். நீதிமொழிகள் புத்தகத்த எடுத்துக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். ரெண்டு நாள் வாசிச்சான், அப்புறம் வச்சுட்டான். பெத்தவங்க பேச்சக் கேக்கணும்னு இவனுக்கு எப்படி டீச்சர் புரியவைக்க?" என்று கேட்டிருந்தான்.

அவனுக்கு மட்டும் பதில் அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வேறு மதத்துப் பிள்ளைகளும் என் பதிவுகளை வாசிக்கிறீர்கள், தெரியும். நான் வளர்ந்தது வேதாகமம் வாசிக்கிற வீடு, அதனால் அங்கிருந்துதான் என்னால் பேச முடியும். நீங்கள் உங்கள் வீட்டு வார்த்தைகளை அதோடு பொருத்திப் பாருங்கள்.

முதலில் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீதிமொழிகள் என்றால் மேலான தத்துவம், பெரியவர்களுக்கு மட்டும் விளங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். திறந்து பார்த்தால் அப்படி இல்லை. முதல் ஒன்பது அதிகாரங்களில் பெரும்பகுதி ஒரு தகப்பன் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிற பேச்சு. என்ன பேசுகிறார்? அடுத்தவன் கடனுக்குப் பிணை நிற்காதே என்கிறார். எறும்பைப் பார்த்துச் சுறுசுறுப்பைக் கற்றுக்கொள், கெட்ட சகவாசத்தோடு நடக்காதே என்கிறார். தொடர்ந்து வாசித்தால் எல்லைக்கல்லைத் தள்ளிப் போடாதே, அயலான் வீட்டுக்கு அடிக்கடி போய் அவனுக்குச் சலிப்பு உண்டாக்காதே, குடியில் மயங்காதே என்று வருகிறது. இதெல்லாம் நம்ம ஊர் வீட்டுத் திண்ணையில் தாத்தா பேசுகிற பேச்சுத்தான். கடையிலும் வயலிலும் தெருவிலும் நடக்கிற காரியங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதல் அதிகாரத்திலேயே தகப்பனுடைய புத்தியோடு தாயின் போதகமும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆறாம் அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது. கடைசி அதிகாரமோ லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் சொல்லிக்கொடுத்தது. ராஜாவாகவே இருந்தாலும் குடிக்காதே, வாயில்லாதவனுக்காக வாயைத் திற என்று அந்தத் தாய் சொல்கிறாள். அதற்குப் பிறகு குணசாலியான பெண்ணைப் பற்றி 22 வசனங்கள் வருகின்றன. எபிரெய மொழியில் எழுத்துகள் 22. ஒவ்வொரு வசனமும் வரிசையாக ஒவ்வொரு எழுத்தில் தொடங்கும். ஆத்திசூடியை அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைத் தெரிந்துகொண்டபோது மகிழ்ச்சி தாங்கவில்லை. பிள்ளைகள் மனதில் நிற்க வேண்டும் என்றால் எழுத்து வரிசையில் கட்டிக் கொடு என்பது ஔவைக்கும் தெரிந்திருக்கிறது, அங்கே எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது.

சரி, புத்தகம் நல்ல புத்தகம். பிறகு ஏன் பையன் இரண்டு நாளில் மூடி வைத்துவிட்டான்? இதற்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்ல என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில், தேரி மணல் ஓரத்தில். அப்பா பனையேறி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மரம் ஏறுவார்கள். அம்மா விடிலியில் நின்று பதநீர் காய்ச்சுவார்கள். எட்டு, பத்து லிட்டர் பதநீர் காய்ந்து சுண்டினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். புகையில் நின்று நின்று அம்மாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்பார்கள். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். தேதிக்கு ஒரு அதிகாரமாக அம்மா சிம்னி விளக்கில் வாசிப்பார்கள். 31-ஆம் தேதி வருஷத்தில் ஏழு மாதம்தான் வரும் என்பதால் லேமுவேலின் அம்மாவை மட்டும் 30-ஆம் தேதியே சேர்த்து வாசித்துவிடுவார்கள். "அந்த அம்மா சொன்னத விடக்கூடாது" என்பார்கள்.

நாங்கள் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில்தான் கேட்டோம். உண்மையைச் சொன்னால் அந்த வாசிப்பினால் மட்டும் எங்களுக்கு எதுவும் ஏறியிருக்காது. ஏறியது வேறு வழியில்.

1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளுக்கடைகளைத் திறந்தார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பனையைப் பற்றித் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் வடிவது பதநீர். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும். அதே மரம், அதே பாளை, அதே உழைப்பு. கள் என்றால் காய்ச்ச வேண்டாம், விறகு வேண்டாம், அம்மா புகையில் நிற்க வேண்டாம். இறக்கினதும் காசு. அப்பாவிடமும் ஆள் வந்து கேட்டார்கள். அப்பா அதிகம் பேசவில்லை. "எங்க ஐயா சுண்ணாம்பு இல்லாம கலயம் கட்டினதில்ல. நானும் கட்ட மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷமும் அம்மா விடிலியில்தான் நின்றார்கள். சில ஆண்டுகளில் கடைகளை மறுபடி மூடினார்கள். அதற்குள் எங்கள் சுற்றுப்பக்கத்தில் சில வீடுகள் எப்படி ஆயின என்று நான் எழுத விரும்பவில்லை. பெரியவர்களுக்குத் தெரியும்.

வெகுகாலம் கழித்து, ஆசிரியையான பிறகு, எரேமியா 35-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது என் அப்பாவையே பார்த்த மாதிரி இருந்தது. ரேகாபியர் என்று ஒரு கூட்டம். அவர்களுடைய முற்பிதா யோனதாப், திராட்சரசம் குடிக்காதிருங்கள், வீடு கட்டாமல் கூடாரங்களில் குடியிருங்கள் என்று சொல்லிவைத்திருந்தான். யோனதாப் யெகூ ராஜாவின் காலத்து ஆள். எரேமியா வாழ்ந்தது அதற்கு இருநூறு வருஷத்துக்கும் பின்னால். அந்தத் தீர்க்கதரிசி அவர்களை ஆலயத்தின் ஓர் அறைக்கு அழைத்துப் போய், திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் முன்னால் வைத்துக் குடியுங்கள் என்கிறார். ஆலயத்துக்குள்ளே, தீர்க்கதரிசியே தருகிறார். வேறு யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். அவர்கள் எங்கள் தகப்பன் சொன்னதை மீற மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். எல்லாரும் கூடாரத்தில் குடியிருக்க வேண்டும் என்று கர்த்தர் அங்கே கட்டளையிடவில்லை. ஒரு மனுஷன் சொன்ன வார்த்தையை இத்தனை தலைமுறை காத்திருக்கிறார்களே என்று அவர்களுடைய உறுதியைத்தான் மெச்சுகிறார்.

யோனதாப் சொன்ன வார்த்தை இருநூறு வருஷம் எப்படி நின்றது? அவன் நன்றாகப் பேசினான் என்பதாலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடாரத்தில் குடியிரு என்று மாளிகையில் இருந்துகொண்டு சொன்னால் மகன்கூடக் கேட்க மாட்டான். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடாரத்திலேயே குடியிருந்தார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள்.

இனி என்னுடைய காரியத்துக்கு வருகிறேன். 1977. பதினோராம் வகுப்பு முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட வேண்டும், விடுதிக்கும் கொடுக்க வேண்டும், இரண்டு சேலை எடுக்க வேண்டும். வீட்டில் என்னோடு சேர்த்து நாலு பிள்ளைகள். அந்தச் சமயம் ஒரு கருப்பட்டி வியாபாரி வீட்டுக்கு வந்தார். அவர் பெயர் வேண்டாம். "மொத்தப் பணத்தையும் முன்பணமாத் தாரேன். சீனி மூட்டை நானே இறக்குதேன். காய்ச்சும்போது கொஞ்சம் சேத்துக்கிடுங்க. எடை கூடும், விறகு மிச்சம், சீக்கிரம் உறையும். எல்லாரும் இப்ப அப்படித்தான் செய்தாங்க" என்றார். சீனி கலந்த கருப்பட்டியைச் சாதாரண ஆட்களால் உடனே கண்டுபிடிக்க முடியாது. அப்பா என்னைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சரி என்று சொல்லிவிட மாட்டார்களா என்று நான் உள்ளுக்குள் ஏங்கினேன். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் படிப்புத்தானே பெரிதாகத் தெரியும்?

அப்பா, "வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர் போன பிறகு நான் அழுதேன். அப்போது அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: "ஏட்டி, கலப்படக் காசுல படிச்சுட்டுப் போயி நாளைக்கு ஊரான் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்ப?"

மறுநாள் அம்மா காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தார்கள். அப்பா பருவம் முடிகிற வரைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சில மரங்கள் ஏறினார்கள். நான் பயிற்சியில் சேர்ந்தேன். அம்மாவின் காதில் மறுபடி கம்மல் ஏறியது நான் வேலைக்குப் போன பிறகு, 1982-இல்.

36 வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்றிருக்கிறேன். தவறான விடையைத் திருத்தி எழுதி மதிப்பெண் கூட்டித் தரச் சொன்னவர்கள் உண்டு. வராத பிள்ளைக்கு வருகை போடச் சொன்னவர்கள் உண்டு. அப்போதெல்லாம் எனக்கு எந்த வசனமும் முதலில் ஞாபகம் வரவில்லை. கம்மல் இல்லாத அந்தக் காதுதான் ஞாபகம் வரும். வசனம் பின்னால் வரும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்ற பொருளில் நீதிமொழிகளில் திரும்பத் திரும்ப வருகிறதை நீங்கள் வாசித்திருப்பீர்கள். எனக்கு அதற்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தது எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவும், புகையில் கண் சிவந்த என் அம்மாவும்.

அம்மாவுக்கு இன்னொரு சட்டம் இருந்தது. விறகு கொண்டுவருகிற அக்காவுக்குக் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் காசு இல்லையென்றால் கருப்பட்டியாகவாவது கொடுத்து அனுப்புவார்கள். "அவங்க வீட்டு அடுப்பு இந்தக் காசுலதான் எரியணும்" என்பார்கள். கூலிக்காரனுடைய கூலியை இரவு தங்கவிடாதே என்று மோசேயின் சட்டத்தில் இருப்பதை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது, இது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்றே என்று நினைத்தேன். என்னிடம் யாரும் கூலி வேலை செய்யவில்லை. ஆனால் நீங்கள் எழுதித் தந்த நோட்டுகள் என்னிடம் இருந்தன. என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், உங்கள் கட்டுரை நோட்டு மறுநாளே திருத்திக் கைக்கு வந்துவிடும். பிள்ளைகளின் உழைப்பு நம்மிடம் ராத்திரி தங்கக் கூடாது என்பது அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. பெற்றோர் சொல் கேட்பது என்றால் அவர்கள் செய்ததை அப்படியே செய்வது மட்டும் இல்லை பிள்ளைகளே. அவர்கள் சொன்னதை நம் வேலையில் எங்கே வைப்பது என்று தேடிப் பார்ப்பதும் கேட்பதுதான்.

அப்பாவின் ஒரு வார்த்தைக்கு நானும் விலை கொடுத்தேன். அதையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா சொன்னது: "ஏ பிள்ள, இனி உன் கையெழுத்துக்கு விலை இருக்கு. யாருக்கும் கையெழுத்துக் குடுக்காத. கையில இருந்தா காசக் குடு, திரும்பி வராதுன்னு நெனச்சுக் குடு." கைநாட்டு வைக்கிறவருக்குத்தான் கையெழுத்தின் விலை நன்றாகத் தெரிந்திருந்தது. நீதிமொழிகளில் பிணை நிற்பதைப் பற்றி ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில் எச்சரிப்பு வருகிறது. ஆறாம் அதிகாரத்தில், அப்படி மாட்டிக்கொண்டால் தூங்காமல் ஓடிப் போய் உன்னை விடுவித்துக்கொள் என்கிற அளவுக்கு அவசரப்படுத்துகிறார்.

சம்பளக்காரர்களிடம், அதிலும் ஆசிரியர்களிடம், ஜாமீன் கையெழுத்துக் கேட்பது நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். சீட்டு எடுக்கவும் கடன் வாங்கவும் அரசு சம்பளக்காரர் கையெழுத்து இருந்தால் போதும். தொண்ணூறுகளில், என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு பெரிய சீட்டுக்கு ஜாமீன் கேட்டார். நல்ல மனிதர், எனக்குப் பல உதவிகள் செய்தவர். வேறு இரண்டு பேர் போட்டுவிட்டார்கள், மூன்றாவது என் கையெழுத்துத்தான் பாக்கி. நான் முடியாது என்றேன். என்னிடம் இருந்த ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்து, இதைத் திருப்பித் தர வேண்டாம் என்றேன். அவர் வாங்கவில்லை. அன்றிலிருந்து நாலு வருஷம், ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே ஓய்வறையில் அவர் என்னோடு பேசவில்லை. மற்றவர்களும், "ஒரு கையெழுத்துல என்ன தேஞ்சா போவும்?" என்று என் காதுபடவே பேசினார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வகுப்பறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் உண்டு. மூன்றாவது கையெழுத்து வேறு ஒருவரிடம் கிடைத்தது. பிறகு சீட்டுப் பணம் கட்ட முடியாமல் போய், கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கும் பல வருஷம் சம்பளத்தில் பிடித்தம் நடந்தது. ஒருவர் வீட்டில் மகள் கல்யாணம் தள்ளிப் போனது.

நான் ஜெயித்தேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரக்கத்தில்தான் போட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. நல்ல வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தால் உடனே எல்லாரும் பாராட்டுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். கீழ்ப்படிகிற அன்றைக்கு அநேகமாக அவமானம்தான் கிடைக்கும். அதனுடைய அர்த்தம் வருஷங்கள் கழித்துத்தான் தெரியும். சில சமயம் தெரியாமலே போகும்.

இப்போது மாணவனுடைய கேள்விக்கு வருகிறேன். பெற்றோர் சொல் கேளாத பிள்ளைகளைப் பற்றி வேதாகமத்தில் தேடினால் எங்கே போய் நிற்கிறோம் தெரியுமா? நீதிமொழிகளைச் சொன்ன சாலொமோனின் வீட்டிலேயேதான். அவன் மகன் ரெகொபெயாம் ராஜாவானபோது 41 வயது. சின்னப் பையன் இல்லை. சீகேமில் ஜனங்கள் வந்து, உம்முடைய தகப்பன் வைத்த நுகம் பாரமாக இருக்கிறது, கொஞ்சம் இலகுவாக்கும் என்று கேட்டார்கள். அப்பா காலத்துப் பெரியவர்கள் தயவாகப் பேசு என்றார்கள். கூட வளர்ந்த வாலிபர்கள் இன்னும் கடுமையாகப் பேசு என்றார்கள். அவன் கூட்டாளிகள் பேச்சைக் கேட்டான். பத்துக் கோத்திரங்கள் போய்விட்டன. ஒரே நாளில் ராஜ்யம் இரண்டாகிவிட்டது.

எத்தனையோ முறை மகனே, மகனே என்று கூப்பிட்டுச் சொன்ன அப்பாவுக்கு ஏன் இப்படி ஒரு பிள்ளை? வேதம் அதையும் மறைக்கவில்லை. சாலொமோன் எல்லா ஞானத்தையும் சொன்னான். ஆனால் முதிர்வயதில் தான் சொன்னதற்கு எதிராக நடந்தான். பெண்களைப் பற்றி எச்சரித்தவன் எழுநூறு மனைவிகளை வைத்துக்கொண்டான். கர்த்தருக்குப் பயப்படு என்றவன் விக்கிரகங்களுக்கு மேடை கட்டினான். ஏழையை ஒடுக்காதே என்றவன் ஜனங்கள் மேல் பாரமான வேலையைச் சுமத்தினான். மகன் அப்பாவின் நீதிமொழிகளைக் கேட்டிருப்பான். பார்த்தது அப்பாவின் அரண்மனையை. பார்த்ததுதான் நின்றது.

ஏலி ஆசாரியனும் அப்படித்தான். ஓப்னியும் பினெகாசும் ஆலயத்தில் செய்த அக்கிரமங்களைக் கேட்டு, நீங்கள் செய்வது நல்லதல்ல என்று சொல்லத்தான் செய்தான். சொன்னதோடு விட்டுவிட்டான், அடக்கவில்லை. சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று நினைக்கிற பெற்றோருக்கு அவன் ஒரு எச்சரிப்பு.

ஆகவே, தம்பி, உன் மகனிடம் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால் நீ உன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள். நான் அவனுக்குச் சொல்கிற வார்த்தைகளில் எந்த வார்த்தைக்காவது அவன் கண்முன் நான் விலை கொடுத்திருக்கிறேனா? பொய் சொல்லாதே என்கிறாய். யாராவது போன் பண்ணும்போது "அப்பா வீட்டில இல்லன்னு சொல்லு" என்று அவன் கையில் போனைக் கொடுக்காமல் இருக்கிறாயா? போனைப் பார்க்காதே என்கிறாய். சாப்பிடும்போது உன் போன் எங்கே இருக்கிறது? பெரியவர்களை மதி என்கிறாய். ஊரில் இருக்கிற உன் அம்மாவிடம் வாரத்துக்கு எத்தனை நிமிஷம் பேசுகிறாய்? உன்னைக் குறை சொல்லக் கேட்கவில்லை. நீ நல்ல பிள்ளை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பவுல் தகப்பன்மாருக்கும் எழுதியிருக்கிறார், அதை நாம் பிள்ளைகளுக்கான பங்கைப் போல அடிக்கடி வாசிப்பதில்லை.

உன் மகனுக்கும் ஒரு வார்த்தை. வாசித்துக் காட்டு. காலம் மாறிவிட்டது என்பது உண்மைதான் ராசா. கருப்பட்டி காய்ச்சிய என் அம்மாவுக்கு ஆன்லைன் சூதாட்டம் தெரியாது, உடனடிக் கடன் செயலி தெரியாது. ஆனால் சீனி கலந்தால் சீக்கிரம் காசு என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆளை அவர்களுக்குத் தெரியும். அந்த ஆள் இன்று உன் போனுக்குள் வருகிறான். கருவி புதுசு, பேச்சு பழசு. இயேசு பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் போதகர்களே வியக்கிற மாதிரி பேசினார். அவ்வளவு தெரிந்தவர், மரியாளோடும் யோசேப்போடும் நாசரேத்துக்குத் திரும்பிப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். எங்களுக்குப் பக்கத்து ஊரின் பெயரும் அதுதான் என்பதால் சின்ன வயதில் அவர் நம் பக்கத்தில்தான் வளர்ந்தார் என்றே நினைத்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். பெற்றோர் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. சவுல் ராஜா தாவீதைக் கொல்ல நினைத்தபோது அவன் மகன் யோனத்தான் அதற்கு உடன்படவில்லை. அப்பாவிடம் தாவீதுக்காகப் பரிந்து பேசினான். அப்பா அவன் மேலேயே ஈட்டியை எறிந்தார். ஆனாலும் அப்பாவை விட்டு ஓடவில்லை, கில்போவா மலைப் போரில் அவர் பக்கத்திலேயே நின்று செத்தான். தவறுக்குத் துணை போகவுமில்லை, தகப்பனைக் கைவிடவுமில்லை. பெண் வீட்டில் இவ்வளவு நகை கேள் என்றும், அந்தத் தெருப் பிள்ளையோடு சேராதே என்றும் சொல்கிற பெற்றோரும் நம்மில் இருக்கிறோம். அங்கே பிள்ளைகள் யோனத்தானைப் போல மரியாதையோடு முடியாது என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பெற்றோரே, அந்த நேரத்தில் வசனத்தை எடுத்து அவர்கள் தலையில் போடாதீர்கள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கிற என் மாணவிகள் சிலர் இதை வாசிப்பீர்கள். அப்பா இல்லாத வீட்டில் எப்படி டீச்சர் என்று கேட்டிருக்கிறீர்கள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது இரண்டே பெயர்களைச் சொல்கிறார்: பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள். அந்த இரண்டு பெண்கள் வளர்த்த பிள்ளைதான் பின்னால் சபையை நடத்தினான். தைரியமாக இருங்கள்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதைப் பற்றிச் சொன்னேனே, அதில் ஒரு விஷயம் உண்டு. மரத்தில் கட்டுவதற்கு முன்னாலேயே தடவ வேண்டும். புளித்த பிறகு எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் கள் பதநீர் ஆகாது. அளவும் முக்கியம், அதிகமானால் வாயில் வைக்க முடியாது. சின்ன வயதிலேயே, அளவோடு, நம் கையாலேயே தடவ வேண்டும். பத்தாவது படிக்கிற பையனுக்குக் காலம் போய்விடவில்லை. அவன் இன்னும் புளிக்கவில்லை, வளர்கிறான், அவ்வளவுதான்.

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விட மாட்டேன். மூன்று தருகிறேன். ஒன்று, இன்று ராத்திரி என்ன தேதியோ அந்த அதிகாரத்தை வீட்டில் சத்தமாக வாசியுங்கள். மகனை வாசிக்கச் சொல்லாதீர்கள், நீங்கள் வாசியுங்கள். பாதித் தூக்கத்தில் கேட்டால்கூடப் போதும். இரண்டு, அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தால் கூப்பிட்டு, "எனக்குச் சொன்னதுல எத நான் மறக்கக் கூடாது?" என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். என் அப்பா 1996-இலும் அம்மா 2009-இலும் கர்த்தரிடத்தில் போய்விட்டார்கள், என்னால் இனி கேட்க முடியாது. மூன்று, அந்த வார்த்தையில் ஒன்றுக்காவது இந்த வருஷம் ஏதாவது விலை கொடுங்கள். பிள்ளைகள் பார்க்கிற மாதிரி விளம்பரம் செய்ய வேண்டாம். அவர்கள் எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டில் நின்ற வார்த்தை எது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் வாசிப்பேன், பதிலும் மறுநாளே வரும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் டீச்சர்